தாலிக்கொடியில் தொங்கிய சாவி

எனக்கு முதல் பிள்ளை பிறந்தபோது வயது முப்பத்து நான்கு. திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள் கழிந்திருந்தன. பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்கு இருபத்திரண்டு. இரண்டு பேருமே புதுத்தாய்கள்தாம். ஆனால் தாதி என் அட்டையைப் படித்துவிட்டு முகத்தை இன்னொரு முறை பார்த்தாள். அன்று தொடங்கியது என் கணக்கு. இவளுக்குப் பத்து வயதாகும்போது எனக்கு நாற்பத்து நான்கு, இருபதாகும்போது ஐம்பத்து நான்கு. என் அம்மா இனிப்பு நீர் நோயால் இறந்தபோது அவருக்கு ஐம்பத்தொன்று. அந்த வயது எனக்கு வரும்போது என் மகளுக்குப் பதினேழுதான் ஆகியிருக்கும். பதினேழு வயதுப் பெண்ணை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று, பால் கொடுத்துக்கொண்டே யோசித்தவள் நான்.

அவளுக்கு நான்கு வயதானபோது, ஏதோ ஒரு காய்ச்சலுக்குப் போன இடத்தில் டாக்டர் என் இரத்தத்தையும் சோதித்தார். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, இப்போதைக்கு மருந்து வேண்டாம், எடையைக் குறையுங்கள், நடங்கள், முடிந்தால் ஓடுங்கள் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் வாத்தியார். யாராவது ஒன்றைச் செய்யச் சொன்னால் அதை வீட்டுப்பாடமாக எடுத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜாகிங் என்ற சொல் எல்லார் வாயிலும் இருந்தது. ஆனால் எங்கள் ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் ஓடிய தமிழ்ப் பெண்ணை நான் பார்த்ததில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள், அவ்வளவுதான். சந்தைத் தெருவில் இருந்த கடைக்குப் போய், பள்ளிப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கன்வாஸ் சப்பாத்தில் பெரிய அளவு கேட்டேன். பிள்ளை எந்த வகுப்பு என்று கடைக்காரர் மலாயில் கேட்டார். ஆறாம் வகுப்பு என்று சொன்னேன். இவ்வளவு பெரிய காலா என்று அவர் வியந்தபோது, அப்பாவைப் போல என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன்.

இப்படிச் சின்னப் பொய்யில் தொடங்கியது, பெரிய பொய்யில் போய் நின்றது.

என் கணவர் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை செய்தார். ஃபெர்ரியைப் பிடிப்பதற்காகக் காலை ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். எனக்குப் பிற்பகல் பள்ளி. மதியத்திலிருந்து மாலை வரை மகளை இரண்டு வீடு தள்ளி இருந்த ஓர் அக்கா பார்த்துக்கொண்டார். காலை ஆறேமுக்காலுக்கு வெளியே போனால் ஏழேகாலுக்குள் திரும்பிவிடலாம். மகள் ஏழரைக்கு முன் எழுந்ததே இல்லை. அந்த அரை மணி நேரத்துக்கும் அக்காவைக் கேட்டிருக்கலாம். எத்தனையோ முறை கேட்கத்தான் போனேன். வேலைக்குப் போகிறேன், பிள்ளையைப் பாருங்கள் என்று சொல்லும்போது வாய் கூசவில்லை. ஓடப் போகிறேன், பிள்ளையைப் பாருங்கள் என்று எப்படிக் கேட்பது? அது எனக்காக மட்டும் கேட்பது போல இருந்தது. அவர் சிரிப்பாரோ என்றும் இருந்தது. அரிசி கழுவிக்கொண்டிருந்த அவரிடம் இரண்டு வெங்காயம் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஒரு நாள் என் கணவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"நீ ஓடுறப்ப பிள்ளைய அக்கா பாத்துக்கிறாங்கதானே?"

"ம்" என்றேன்.

அவ்வளவுதான். அவர் போய்விட்டார்.

கிளம்புவதற்கு முன் நான் செய்யாத சோதனை இல்லை. கேஸ் சிலிண்டரை மூடியிருக்கிறேனா என்று மூன்று முறை பார்ப்பேன். தீப்பெட்டியை அலமாரியின் மேல் தட்டில் வைப்பேன். கத்தியையும் அரிவாள்மணையையும் ஒளிப்பேன். குளியலறை வாளியில் ஒரு கையளவு தண்ணீர்கூட இல்லாமல் கவிழ்ப்பேன். மரக்கதவை இறுக்கிச் சாத்திவிட்டு, வெளியே கிரில் கதவில் பூட்டுப் போட்டு, பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மாடிப்படியில் பாதி இறங்கியபின் மறுபடி ஏறி வந்து இழுத்துப் பார்த்த நாள்களும் உண்டு. லிஃப்டில் போக மாட்டேன். அது நடுவில் நின்றுவிட்டால் என் மகளின் கதி என்ன? ஏழு மாடியும் படியில்தான்.

சாவியை எங்கே வைப்பது என்பது தனிப் பிரச்சினை. என் கால்சட்டையில் பை இல்லை. கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் விரல்கள் வியர்த்து வழுக்கின. சப்பாத்துக் கயிற்றில் கட்டினால் கணுக்காலில் இடித்தது. கடைசியில், எல்லாப் பெண்களையும் போல என் தாலிக்கொடியில் எப்போதும் தொங்கும் இரண்டு ஊக்குகளில் ஒன்றில் சாவியைக் கோத்தேன். தாலியும் சாவியும் சேர்ந்து குதித்து நெஞ்சு எலும்பில் நீலமாகக் கன்றிப் போயிற்று. தாலியைக் கழற்றிவைத்துவிட்டு ஓடலாமா என்ற எண்ணம் வந்தது. வந்ததற்காகவே அன்று முழுவதும் எனக்கு மனம் சரியில்லை. அதனால் சட்டைக்குள்ளே போட்டுக்கொண்டேன். சட்டைக்கு உள்ளே, வயிற்றைச் சுற்றிப் பழைய வாயில் சேலைத் துணி. பிரசவத்துக்குப் பின் கட்டிய அதே துணி. வயிறு குலுங்குவதைப் பிறர் பார்க்கக் கூடாது என்று நான்கு சுற்றுச் சுற்றி முடிந்துகொள்வேன்.

ஓட்டத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லாத சங்கதிகள் பல. பிள்ளை பெற்றவள் ஓடினால் சிறுநீர் சொட்டும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. கால் பெருவிரல் நகம் கறுத்து விழும், முழங்கால் படி இறங்கும்போது முனகும், மதியம் மூன்று மணிக்குக் கரும்பலகையின் முன் நிற்கும்போது கண் சொருகும் என்றும் சொல்லவில்லை. முதல் நாள் இரண்டாவது விளக்குக் கம்பத்திலேயே நின்று, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இதற்கு மேல் ஓடினால் இங்கேயே செத்துவிடுவேன், பூட்டிய வீட்டுக்குள் என் பிள்ளை இருப்பது யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். உடனே வீட்டுக்குத் திரும்பினேன்.

ஆனால் மறுநாளும் போனேன். மூன்று மாதத்தில் கொடிமலை ரயில் நிலையம் வரை நிற்காமல் ஓடித் திரும்ப முடிந்தது. கடைசி ஏற்றம் செங்குத்தானது. விடியற்காலை இருட்டு மெல்ல வெளுத்துக்கொண்டிருக்கும். சீனக் கிழவர்களும் கிழவிகளும் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மலைப் பக்கம் நடப்பார்கள். அவர்களில் ஒருவர் பின்னோக்கி நடப்பவர். முதுகுக்கு நல்லதாம். நான் அவருக்குப் பின்னால் ஓடிப் போகும்போது நாங்கள் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்வோம். மலாயில் காலை வணக்கமாக "பாகி" என்பார், நானும் "பாகி" என்பேன். மலையிலிருந்து ஈர இலை வாசனை இறங்கும். எங்கோ ஒரு கடையில் காப்பிக்கொட்டை வறுக்கும் புகை வரும். மூச்சு ஒரு நிலைக்கு வந்தபின், என் தலைக்குள் நான்கு ஆண்டுகளாக ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த வயதுக் கணக்கு நின்றுவிடும். பத்து நிமிடம் இருக்கலாம். என் வாழ்க்கையில் அதைப் போன்ற பத்து நிமிடம் வேறெங்கும் இல்லை. திரும்பி வரும்போதுதான் சுரீர் என்னும். கணக்கு நின்றது என்றால் நான் அவளை மறந்திருந்தேன் என்றுதானே அர்த்தம்?

அன்று முந்தின இரவு மழை பெய்திருந்தது. தார்ச் சாலையில் ஆங்காங்கே தண்ணீர் தேங்கிக் கிடந்ததால், வழக்கம் போலக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்தேன். ஃபிளாட்டின் அடியில் வந்து கழுத்துக்குள் கையை விட்டுத் தாலிக்கொடியை வெளியே எடுத்தேன். ஊக்கு வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. சாவி இல்லை.

மாற்றுச் சாவி என் கணவரிடம், கடலுக்கு அந்தப் பக்கம்.

மேலே போவதா, சாவியைத் தேடுவதா? மேலே போனால் கிரில்லுக்கு வெளியே நிற்பதைத் தவிர என்ன செய்ய முடியும்? பக்கத்து வீடுகள் விழித்துக்கொள்ளும். அக்காவுக்குத் தெரியும். அவர் மூலம் என் கணவருக்கும் தெரியும். அவள் தூங்கிக்கொண்டுதான் இருப்பாள், இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வந்த வழியே தேடிக்கொண்டு நடந்தேன். பிள்ளையைவிட என் பெயரைக் காப்பாற்றத்தான் அன்று நான் முதலில் போனேன். இதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை ஆண்டுகள் வேண்டியிருந்தன.

சாலையோரச் சாக்கடை வரை பார்த்துவிட்டு, மூன்றாவது விளக்குக் கம்பத்தருகே திரும்பினேன். அப்போதுதான் நிமிர்ந்தேன். ஓடும்போது நான் நிமிர்ந்ததில்லை. போகும்போது ஃபிளாட் எனக்கு முதுகுப் பக்கம், வரும்போது கண் தரையில்.

ஏழாவது மாடியில் எங்கள் ஜன்னல் திறந்திருந்தது. அதில் என் மகள் இடுப்பு வரை தெரிந்தாள்.

அந்த ஜன்னலில் கம்பி கிடையாது. அதன் அடிவிளிம்பு அவள் தலையைவிட உயரம். அதனால்தான் என் சோதனைப் பட்டியலில் அது இல்லை. நாற்காலியை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். ஒரு கையை வெளியே நீட்டி ஆட்டினாள். கத்த வேண்டும் போல வாய் திறந்தது. கத்தினால் காது கொடுக்க இன்னும் குனிவாள். ஓடினால் கட்டடத்தின் அடிக்கு வந்துவிடுவேன், என்னைப் பார்க்க எட்டிப் பார்ப்பாள். அசையாமல் நின்றேன். பிறகு, வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்பது போல நிமிர்ந்து நின்று, இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக் காட்டினேன். பின்னர் ஒரு கையை நீட்டி மெதுவாகக் கீழே இறக்கினேன். கை கட்டு, உட்கார். வீட்டில் நாங்கள் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடும்போது அவளுக்கு நான் காட்டும் சைகை.

அவள் ஆட்டிய கை நின்றது. அதை உள்ளே இழுத்துக் கட்டிக்கொண்டாள். தலை மட்டும் தெரிந்தது. பிறகு ஜன்னல் காலியானது.

உள்பக்கம் இறங்கினாளா, விழுந்தாளா? தெரியவில்லை. ஓடினேன். மூன்று மாதத்தில் நான் ஓடியதெல்லாம் ஓட்டமே இல்லை. ஏழு மாடியையும் ஓர் இடத்திலும் நிற்காமல் ஏறினேன். நான்கு மாதத்துக்கு முன்பாக இருந்தால் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருப்பேன். அந்த ஓட்டம் இல்லாவிட்டால் அவள் அந்த ஜன்னலில் ஏறியிருக்கவும் மாட்டாள். இரண்டும் உண்மை. எதை எதோடு கழிப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கிரில் கம்பிக்குள் கையை விட்டு மரக்கதவைத் தள்ளினேன். கூடத்து நடுவில் தரையில், கைகளைக் கட்டிக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

வாம்மா, அம்மாகிட்ட வா என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"நீங்க இன்னும் எந்திரின்னு சொல்லல" என்றாள்.

அதைக் கேட்டபின்தான் எனக்கு அழுகை வந்தது. சத்தம் கேட்டு அக்கா வந்தார். கையில் தோசைக் கரண்டி. பூட்டையும் என்னையும் உள்ளே இருந்த பிள்ளையையும் பார்த்தார். எதையும் விளக்கத் தேவை இருக்கவில்லை. தன் வீட்டுக்குள் போய்ப் புருஷனை எழுப்பினார். அவர் சாரத்தைக் கட்டிக்கொண்டு, சுத்தியலும் ஓர் இரும்புத் துண்டும் எடுத்துவந்து நாலு அடியில் பூட்டை உடைத்தார். அதற்குள் தாழ்வாரத்தில் ஐந்தாறு கதவுகள் திறந்துவிட்டன.

மகளை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலில் எதற்கு ஏறினாய் என்று கேட்டேன். இன்றைக்கு மட்டும் இல்லையாம், தினமும் ஏறுவாளாம். நான் பூட்டை இழுத்துப் பார்க்கும் சத்தத்தில்தான் விழிப்பாளாம்.

"இருட்டா இருக்கும். அம்மா தெரியமாட்டீங்க. சப்பாத்து மட்டும் வெள்ளையா போவும். அப்புறம் திரும்பி வரும். வந்தோன்ன நான் ஓடிப் போய்ப் படுத்துக்குவேன்" என்றாள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தச் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக் காயவைத்தவள் நான்தான்.

அக்கா தோசைக் கரண்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"ஏன் டீச்சர், இத்தன வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்றீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா?"

"நீங்க சிரிப்பீங்கன்னு நினைச்சேன்க்கா."

"சிரிச்சிருப்பேன்தான்லா. சிரிச்சுட்டுப் பிள்ளையப் பாத்திருப்பேன்."

அவர்கள் போனபின் குளிக்கப் போனேன். வயிற்றுத் துணியின் முடிச்சை அவிழ்த்து, இரண்டாவது சுற்றைப் பிரித்தபோது, ஏதோ டங் என்று சிமெண்டுத் தரையில் விழுந்தது. சாவி. ஊக்கு திறந்து, நேரே உள்ளே நழுவி, துணி மடிப்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. நான் சாக்கடையில் தேடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது என் வயிற்றில்தான் இருந்தது. ஈரத் தலையோடு அந்தச் சாவியைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். அது ஒழுங்காக ஊக்கிலேயே இருந்திருந்தால், வழக்கம் போலக் குனிந்தபடியே படியேறிப் பூட்டைத் திறந்திருப்பேன். மகளும் வழக்கம் போலப் படுக்கைக்கு ஓடியிருப்பாள். மறுநாளும் நாற்காலி போட்டிருப்பாள். அதற்கு மறுநாளும்.

மாலையில் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சப்பாத்துக் கடைக்காரரிடம் சொன்ன பொய்யைக்கூட விடவில்லை. அவர் உடைந்த பூட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அக்கா பாத்துக்கிறாங்கன்னு சொன்னியே."

"நீங்கதான் சொன்னீங்க. நான் ம்னு மட்டும்தான்..."

"ம்னா என்ன அர்த்தம்?"

இனிமேல் ஓடமாட்டேன் என்றேன். ஓடாதே என்றும் அவர் சொல்லவில்லை, ஓடு என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை ஆள் கூட்டிவந்து ஜன்னலுக்கு இரும்புக் கம்பி போட்டார். வேலை முடிந்ததும் ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அந்தப் பழக்கம் என்னிடமிருந்து அவருக்கும் தொற்றிக்கொண்டது.

ஐந்து வாரம் ஓடவில்லை. சப்பாத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். காலையில் ஆறேமுக்காலுக்கு விழிப்பு வந்துவிடும். படுத்தபடியே பக்கத்தில் அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பத்து வயதுக்கு நாற்பத்து நான்கு, பதினேழுக்கு ஐம்பத்தொன்று. கணக்கு மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது, இடைவேளை இல்லாமல். நல்ல தாயாக இருப்பதற்காக நின்றுவிட்டேன் என்று காலையில் தோன்றும். நின்றுவிட்டதால் அவளுக்குத் தாயே இல்லாமல் போகப்போகிறது என்று மாலையில் தோன்றும்.

ஒரு நாள் காலை, இவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், கிரில்லை யாரோ தட்டினார்கள். அக்கா.

"சப்பாத்தப் போடுங்க டீச்சர்" என்றார்.

வேண்டாம் அக்கா, விட்டுட்டேன் என்றேன்.

"விட்டுட்டீங்க, சரி. உங்க மக நேத்து எங்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? நான் ஜன்னல்ல ஏறுனதாலதான் அம்மா ஓடலியா, நான் கெட்ட பிள்ளையான்னு கேக்குறா. சோறு ஊட்டிக்கிட்டு இருந்தேன். எனக்குக் கை நின்னு போச்சு."

கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவளைப் பற்றி அத்தனை கணக்குப் போட்ட எனக்கு, அவளும் எனக்குப் பக்கத்தில் படுத்து ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள் என்று தோன்றவே இல்லை.

தூங்கிக்கொண்டிருந்தவளைப் போர்வையோடு தூக்கி இரண்டு வீடு தாண்டிக் கொண்டுபோனேன். அக்கா வீட்டுப் பாயில் கிடத்தினேன். புது மாற்றுச் சாவியை அக்காவின் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினேன். அக்கா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துக்கொண்டே, "போங்க போங்க, நான் சிரிக்கல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அன்று கால்கள் கல்லாக இருந்தன. மூன்றாவது கம்பத்திலேயே மூச்சு வாங்கியது. ரயில் நிலையம் வரை போகவில்லை, பாதியில் திரும்பினேன். திரும்பியதும் முதலில் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் ஜன்னல் இருட்டாக இருந்தது. இரண்டு ஜன்னல் தள்ளி, கம்பிகளுக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் அக்கா நின்றார். அவர் இடுப்பில் என் மகள். தூங்கவில்லை, தூங்கியிருக்கவே மாட்டாள். நான் கை ஆட்டினேன். அவள் கை ஆட்டவில்லை. கைகளை மார்பில் கட்டிக் காட்டினாள்.

அதன் பிறகு பல ஆண்டுகள் ஓடினேன். அவளுக்குப் பதினேழு வயதானபோதும் ஓடிக்கொண்டிருந்தேன். சாவி அக்காவின் ஆணியில்தான் தொங்கியது. தாலிக்கொடியில் வெறும் ஊக்குகள் மட்டும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் மூன்றாவது விளக்குக் கம்பத்தருகே என் கை தானாகச் சட்டைக்குள் போய்த் தேடும். ஒன்றும் தட்டுப்படாது. ஒரு நொடி நின்றுவிடுவேன். பிறகு நினைவு வரும், ஓடுவேன்.